கழிக்குள் தூண்டில் போட்டால் அத்துமீறலா?

கேள்வி:

வணக்கம் மேடம். லூசியானாவில் பேட்டன் ரூஜ் நகரில் குடும்பத்தோடு இருக்கிறேன். ஹெச்-1பி விசாவில் வேலை; கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கிறோம். எனக்கும் பள்ளியில் படிக்கும் என் மகனுக்கும் தூண்டில் போடுவதில் ஆசை அதிகம். மீன்பிடி லைசென்ஸ் முறைப்படி வாங்கி வைத்திருக்கிறேன். போன மாதம் டெர்ரபோன் பாரிஷில் (இங்கே மாவட்டத்தை அப்படித்தான் சொல்வார்கள்), கோகோட்ரி பக்கம், பொதுப் படகுத்துறையில் கயாக்கை இறக்கினோம். பெரிய பேயூ (சதுப்புக்குள் மெதுவாக ஓடும் ஓடை) வழியாகக் கொஞ்ச தூரம் போய், அதிலிருந்து பிரிந்த ஒரு வாய்க்காலுக்குள் நுழைந்தோம். உள்ளே ஏரி மாதிரி விரிந்த தண்ணீர். ரெட்ஃபிஷ் நன்றாகக் கடித்தது. அரை மணி நேரத்தில் ஒருவர் மோட்டார் படகில் வந்து, "இது என் நிலம், உடனே வெளியே போங்கள், இல்லாவிட்டால் ஷெரிஃபைக் கூப்பிடுவேன்" என்றார். போர்டு எதுவும் கண்ணில் படவில்லை. சுற்றிலும் தண்ணீர்தான், நிலம் என்று ஒன்றுமே இல்லை. கடலிலிருந்து ஓதம் ஏறி இறங்கும் தண்ணீர் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும்? அவர் சும்மா மிரட்டினாரா? மறுபடியும் போனால் என்ன ஆகும்? விசாவுக்குப் பிரச்சினை வருமா? மகன் முன்னால் தலைகுனிந்து திரும்பியது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

சண்டை போடாமல் திரும்பி வந்தீர்களே, அதுதான் சரி. அதில் தலைகுனிய ஒன்றுமில்லை. லைசென்ஸ் வைத்துக்கொண்டு, பொதுப் படகுத்துறையில் படகை இறக்கி, போர்டு இல்லாத தண்ணீரில் போன ஒருவரைக் குற்றவாளி போல விரட்டுவது நியாயமே இல்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இன்றைய சட்டப்படி பார்த்தால், அந்த மனிதர் சொன்னது வெறும் மிரட்டலாக இல்லாமலும் இருக்கலாம். லூசியானாவின் கடலோரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் தனியார் கையில் இருப்பதாகக் கணக்குச் சொல்வார்கள். நீங்கள் பார்த்தது போன்ற தண்ணீர்ப் பரப்புகளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

ஓதம் ஏறும் தண்ணீர் எப்படி ஒருவருக்குச் சொந்தமாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் யாருக்கும் சொந்தமாகாது. சட்டம் கேட்பது, அந்தத் தண்ணீர் எந்தத் தரைமேல் நிற்கிறது, அந்தத் தரையின் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது என்றுதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கும். அதற்குக் கொஞ்சம் பழைய கதை தேவைப்படுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூசியானா 1812-ல் அமெரிக்காவின் மாநிலமானது. அப்போது எந்தெந்த ஆறு, ஏரி, பேயூவில் இயல்பாகவே வணிகப் படகு போக முடிந்ததோ, அவற்றின் அடித்தரை எல்லாம் மாநிலத்துக்கு வந்தது. படகு போக முடியாத ஆழமற்ற குட்டைகளும் ஓடைகளும் சுற்றியுள்ள நிலத்தோடு சேர்ந்தவையாகக் கருதப்பட்டன. பிறகு 1849, 1850 ஆண்டுகளில் நாடாளுமன்றம் சதுப்புநிலச் சட்டங்களை இயற்றி, மத்திய அரசிடம் இருந்த பெரும் சதுப்புப் பரப்பை மாநிலத்திடம் கொடுத்தது. விற்று வரும் பணத்தில் கரை கட்டி, நீரை வடித்து, வெள்ளத்தைத் தடுக்க வேண்டும் என்பது எண்ணம். மாநிலமும் கரை வாரியங்களும் அந்த நிலத்தை மிக மலிவாக விற்றன. அன்றைக்கு அது யாருக்கும் பெரிதாகப் படவில்லை. கஸ்தூரி எலியின் தோலுக்காகப் பொறி வைப்பவர்களுக்கும் வாத்து வேட்டைக்காரர்களுக்கும் மட்டுமே பயன்பட்ட சேற்று நிலம் அது.

அதற்கு அடியில் எண்ணெய் இருப்பது தெரிந்ததும் எல்லாம் தலைகீழானது. மாநிலத்தின் ஈரநிலங்களில் மிகப் பெரிய தனியார் உரிமையாளர் யார் தெரியுமா? கோனோகோஃபிலிப்ஸ் என்ற எண்ணெய் நிறுவனம். ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல் அதன் வசம் இருக்கிறது. பரம்பரையாக நிலம் வைத்திருக்கும் குடும்பங்களும் நிறைய உண்டு.

சரி, அன்றைக்கு நிலமாக விற்றது இன்றைக்கு எப்படித் தண்ணீராக இருக்கிறது? அங்கேதான் சிக்கலே. 1932 முதல் 2016 வரை லூசியானாவின் கடலோரம் இழந்த நிலம் சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் என்று அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை அளந்திருக்கிறது. 1932-ல் இருந்ததில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. 1927 பெருவெள்ளத்துக்குப் பிறகு மிசிசிப்பி ஆற்றின் இருபுறமும் கரைகளை உயர்த்திக் கட்டினார்கள். வண்டல் சதுப்புக்குள் பரவாமல் நேராகக் கடலுக்குப் போனது. மண் தானாக அமுங்கிக்கொண்டே போகும் பூமி அது. மேலே புது வண்டல் விழாவிட்டால் நீருக்குள் போய்விடும். எண்ணெய்க் கிணறுகளுக்கும் குழாய்களுக்கும் வெட்டிய கால்வாய்கள் வழியாக உப்புநீர் உள்ளே ஏறி நன்னீர்ப் புல்லைக் கொன்றது. வேர் போனதும் மண் கரைந்தது. 2005-ல் கத்ரீனாவும் ரீட்டாவும் வந்து மிச்சத்தைக் கிழித்துப் போட்டன. நீங்கள் மீன் பிடித்த அந்த 'ஏரி', உங்கள் தாத்தா காலத்தில் இடுப்பளவு புல் நின்ற நிலமாக இருந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. புல் போய்விட்டது. பத்திரம் அப்படியே இருக்கிறது.

இயற்கையாக அரித்துப்போய், படகு போகும் நீர்நிலையின் அடித்தரையாகிவிட்ட நிலம் மாநிலத்தைச் சேரும் என்பது லூசியானாவில் பழைய விதி. கரையோர உரிமையாளர் அரிப்பில் இழந்ததை மண் கொட்டி மீட்டுக்கொள்ளலாம் என்று மாநில அரசியல் சாசனமே ஒரு வழி வைத்திருக்கிறது. மீட்காதவரை அது பொதுச் சொத்து. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தரை மாநிலத்துடையது என்று ஆகிவிட்டால் அதற்கடியில் உள்ள எண்ணெய், எரிவாயு ராயல்டியும் மாநிலத்துக்குப் போகும். நடப்பில் இருக்கும் குத்தகைகளுக்கு ஒரு தனிச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. குத்தகை இல்லாத நிலத்துக்கு அதுவும் கிடையாது. அதனால் நிலக்காரர்கள், "இது அரித்துப்போன நிலமா? இல்லவே இல்லை, இது இன்னும் என் எல்லைக்குள்தான் இருக்கிறது" என்று விடாமல் காட்டிக்கொண்டே இருக்க வேண்டிய நிலைமை. போர்டு வைப்பது, வாய்க்கால் வாயில் சங்கிலி கட்டுவது, உங்களைப் போன்றவர்களை வெளியே அனுப்புவது எல்லாமே பெரும்பாலும் அந்த உரிமையைக் காட்டும் செயல்கள். உங்கள் தூண்டிலில் விழும் நாலு மீனுக்காக யாரும் மோட்டார் படகை எடுத்துக்கொண்டு வருவதில்லை.

இப்படி மாநிலமும் தனியாரும் ஒரே தரைக்கு உரிமை கோரும் இடங்கள் ஏராளம். இரட்டைக் கோரிக்கை என்பார்கள். பெரும்பாலான இடங்களில் வழக்குப் போட்டுத் தீர்த்துக்கொள்ள இரு தரப்புக்குமே மனமில்லை. தோற்றால் இழப்பு பெரிது. அந்தத் தீராத வழக்கின் நடுவில் போய் மாட்டிக்கொள்வது கயாக்கில் வரும் அப்பாவும் பிள்ளையும்.

"ஓடும் தண்ணீர் பொதுச் சொத்து என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறதே" என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கலாம், இல்லை இனிமேல் சொல்வார்கள். உண்மைதான். லூசியானா சிவில் சட்டத்தின் 450-ஆம் பிரிவு ஓடும் நீரையும், படகு போகும் இயற்கை நீர்நிலைகளின் நீரையும் தரையையும், கடற்கரையையும் மாநிலத்தின் பொதுச் சொத்து என்கிறது. 452-ஆம் பிரிவு ஆறுகளிலும் துறைமுகங்களிலும் மீன் பிடிக்கும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்கிறது. இந்தக் கருத்து ஆறாம் நூற்றாண்டில் ஜஸ்டினியன் பேரரசர் தொகுத்த ரோமானியச் சட்டத்திலிருந்து வருவது. காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை நான்கும் இயற்கையிலேயே எல்லாருக்கும் பொது என்று அதில் இருக்கிறது. பிரான்ஸ், ஸ்பெயின் வழியாக அது லூசியானாவுக்கு வந்து சேர்ந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனது நிறையும். ஆனால் நீதிமன்றங்கள் அதை நீங்கள் நினைக்கும் அளவுக்கு நீட்டவில்லை. நீர் பொதுவானதாக இருக்கலாம், அதற்காகத் தனியார் தரைமேல் நிற்கும் நீருக்குள் நுழையும் உரிமை தானாக வந்துவிடாது என்பதுதான் இன்றைய நிலை. கடற்கரை என்ற சொல்லையும் வளைகுடாவின் திறந்த கரையோடு ஒட்டிய பகுதிக்கு மட்டுமே பொருத்துகிறார்கள். உள்ளே பரந்து கிடக்கும் சதுப்புக்கு அல்ல.

இரண்டு வழக்குகளை மட்டும் சொல்கிறேன், உங்கள் நிலைமைக்கு நேராகப் பொருந்துவதால்.

முதலாவது, 1979-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த வெர்மிலியன் கால்வாய் வழக்கு. வெர்மிலியன் பாரிஷில் தனியார் நிலத்தில், தனியார் பணத்தில் வெட்டிய கால்வாய்கள். கடலோடு சேர்கின்றன, ஓதம் ஏறி இறங்குகிறது, மீனவர்கள் அவற்றின் வழியாகப் போய்வந்தார்கள். பொது நீரோடு கலக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தனியார் கால்வாய் பொதுவழி ஆகிவிடாது என்று தீர்ப்பு. ஆனால் ஒரு கதவைத் திறந்து வைத்தது: ஏற்கெனவே இருந்த இயற்கை நீர்வழியை அழித்தோ திசைதிருப்பியோ அந்தக் கால்வாயை வெட்டியிருந்தால் மீனவர்களுக்கு ஒரு வாதம் இருக்கலாம் என்றது. அதனால்தான் உங்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. நீங்கள் நுழைந்த வாய்க்கால் எப்படி இருந்தது? ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல நேராக, ஒரே அகலத்தில், இருபுறமும் மண்மேடும் அதன்மேல் புதரும் நின்றால் அது வெட்டிய கால்வாய். தோண்டிய மண்ணை ஓரத்தில் கொட்டிய மேடு அது. வளைந்து வளைந்து, ஓரிடம் அகன்று ஓரிடம் குறுகிப் போனால் இயற்கையாக உண்டானதாக இருக்கலாம். நேர்க்கோடாக இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அங்கே உங்கள் பக்கம் வலு மிகக் குறைவு.

இரண்டாவது வழக்கில் கடல் இல்லை, ஆறு. லூசியானாவின் வடகிழக்கு மூலையில், மிசிசிப்பியின் பெருக்குக் காலத்தில் நிறையும் காசோவே என்ற ஏரியில் மீன் பிடித்தவர்களை அந்தப் பாரிஷின் ஷெரிஃப் அத்துமீறலுக்காகக் கைது செய்தார். ஆறு பொது, ஆற்று வெள்ளம் இங்கே வரை வருகிறது, எனவே மீன் பிடிக்க எங்களுக்கு உரிமை உண்டு என்று அவர்கள் வழக்குப் போட்டார்கள். 2007-ல் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஷெரிஃபின் பக்கம் தீர்ப்பளித்தது. கரையைப் பொதுமக்கள் பயன்படுத்தும் உரிமை படகுப் போக்குவரத்துக்கானது, மீன்பிடிக்கும் வேட்டைக்கும் அது நீளாது என்றது. மறுபடியும் போனால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள் அல்லவா? இப்படிக் கைது செய்திருக்கிறார்கள், அது நீதிமன்றத்திலும் நின்றிருக்கிறது.

மற்ற மாநிலங்களில் இப்படி இல்லை, அதனால்தான் வெளியிலிருந்து வருபவர்களுக்கு இது அதிர்ச்சியாக இருக்கிறது. பக்கத்து டெக்சாஸில் ஓதம் படும் நீரின் அடித்தரை பொதுவாக மாநிலத்துடையது. மறுபுறம் மிசிசிப்பி மாநிலத்தில் ஒரு வழக்கு. லாக்ரா என்ற பேயூவுக்கும் 11 சிற்றோடைகளுக்கும் அடியில் இருந்த வெறும் 42 ஏக்கர் தரைக்காக நடந்தது. படகுப் போக்குவரத்துக்கு லாயக்கில்லாத ஓடைகள். ஓதம் மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உரிமை கோரியவர்களிடம் மாநிலம் உருவாவதற்கு முந்தைய ஸ்பானிய அரசுக் காலத்துப் பத்திரத் தொடர்ச்சி இருந்தது, வரியும் கட்டி வந்தார்கள். அப்படியும் 1988-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஓதம் எட்டும் தரை முழுவதும் மாநிலம் உருவானபோதே மாநிலத்துக்கு வந்துவிட்டது என்று தீர்ப்பளித்தது. அப்படிக் கிடைத்த தரையை மாநிலம் பிறகு என்ன செய்தது என்பது அந்தந்த மாநிலச் சட்டத்தின் பாடு. லூசியானா விற்றது, விற்றதை ஒப்புக்கொண்டது, உள்நாட்டு நீருக்கு ஓதத்தை அளவுகோலாக வைக்காமல் படகுப் போக்குவரத்தை அளவுகோலாக வைத்தது. அதனால் எல்லையில் ஓரிரு மைல் தள்ளினால் சட்டமே மாறிவிடுகிறது.

நிலக்காரர்களின் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நேர்மையாக இல்லை என்று ஆகிவிடும். தண்ணீராகிவிட்ட இடத்துக்கும் பலர் சொத்துவரி கட்டுகிறார்கள். மிச்சமிருக்கும் புல்லைக் காப்பாற்ற மதகு வைத்து, கால்வாய் வாயை அடைத்து, சொந்தப் பணம் போடுபவர்கள் உண்டு. பெரிய மோட்டார் படகுகள் வேகமாகப் போனால் அலை அடித்து ஓரம் சரிவது கண்கூடு. வாத்து வேட்டைக் குத்தகையும் முதலை முட்டை விற்பனையும் அவர்களுக்கு வருமானம். அந்த முட்டை வருமானம் இருப்பதால்தான் பல சதுப்புகள் இன்னும் பராமரிக்கப்படுகின்றன. இதெல்லாம் நியாயமான கவலைகள். யாராவது அடிபட்டால் எங்கள்மேல் வழக்கு வரும் என்பதை மட்டும் நான் அவ்வளவாக ஏற்கமாட்டேன். பொழுதுபோக்குக்காக இலவசமாக உள்ளே விடும் உரிமையாளருக்கு லூசியானா சட்டம் கணிசமான பாதுகாப்புக் கொடுத்திருக்கிறது. அதே மாதிரி, வரி கட்டிவிட்டேன் என்பதற்காக மாநிலத்தின் தரை ஒருவருக்கு ஆகிவிடாது. மாநில நிலத்தை அனுபோக உரிமையால் யாரும் எடுத்துக்கொள்ள முடியாது என்று அரசியல் சாசனமே சொல்கிறது.

இனி நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம்.

அந்த இடத்துக்கு மறுபடியும் போகாதீர்கள், குறைந்தபட்சம் எழுத்தில் அனுமதி வாங்கும்வரை. ஒருமுறை வாய்மொழியாக எச்சரித்த பிறகு திரும்பிப் போனால், "எனக்குத் தெரியாது" என்று சொல்லும் இடமே உங்களுக்கு இருக்காது. லூசியானாவில் அத்துமீறல் என்பது சிவில் தகராறு மட்டுமில்லை, குற்றவியல் சட்டத்திலும் வருகிறது. அபராதமும் உண்டு, சிறையும் உண்டு. முதல் தடவைக்குப் பெரும்பாலும் அபராதத்தோடு போய்விடும். ஆனால் உங்கள் விஷயத்தில் அதை 'வெறும் அபராதம்' என்று என்னால் சொல்ல முடியவில்லை. கிரீன் கார்டு விண்ணப்பப் படிவத்தில், எப்போதாவது கைதானீர்களா, உங்கள்மேல் குற்றம் சாட்டப்பட்டதா, சம்மன் கொடுத்தார்களா என்று கேட்பார்கள். வழக்கு தள்ளுபடி ஆகியிருந்தாலும் சொல்லியாக வேண்டும். விசா முத்திரைக்குப் போகும்போதும் கைது பற்றிய கேள்வி உண்டு. சாதாரண அத்துமீறல் ஒன்றினால் உங்கள் விண்ணப்பம் கவிழ்ந்துவிடும் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் விளக்கம் எழுதி, நீதிமன்ற ஆவணம் வாங்கி, கூடுதலாகக் காத்திருந்து, தூக்கம் கெட்டு, இவ்வளவும் ஒரு ரெட்ஃபிஷுக்காகத் தேவையா?

எதிர்காலத்தில் எப்போதாவது சம்மன் கையில் வந்தால், தயவுசெய்து ஆன்லைனில் பணத்தைக் கட்டி முடித்துவிடாதீர்கள். பணம் கட்டுவது குற்றத்தை ஒப்புக்கொண்டதாக ஆகலாம். முதலில் ஒரு கிரிமினல் வழக்கறிஞரையும், உங்கள் குடியேற்ற வழக்கறிஞரையும் ஒன்றாகப் பேச வையுங்கள். இரண்டு பேரில் ஒருவரை மட்டும் கேட்டு முடிவெடுத்தவர்கள் பின்னால் சிரமப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். நீரில் இருக்கும்போது அதிகாரி வந்தால் லைசென்ஸைக் காட்டுங்கள், கிளம்பிவிடுகிறேன் என்று சொல்லுங்கள், கிளம்புங்கள். எல்லை எது, 1812-ல் என்ன இருந்தது என்பதையெல்லாம் அங்கே விவாதிக்க வேண்டாம். உங்கள் போனில் போன பாதை பதிவாகியிருந்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த தடவை போவதற்கு முன் வீட்டில் உட்கார்ந்து கொஞ்சம் வேலை செய்யுங்கள். லூசியானா மாநில நில அலுவலகம், மாநிலம் உரிமை கோரும் நிலங்களையும் நீரடித்தரைகளையும் வரைபடமாக இணையத்தில் வைத்திருக்கிறது. இரட்டைக் கோரிக்கை உள்ள இடங்களும் அதில் தெரியும். பாரிஷ் வரி மதிப்பீட்டாளரின் இணையதளத்தில் அந்தத் துண்டுக்கு யார் பெயரில் வரி வருகிறது என்று பார்க்கலாம். வேட்டைக்காரர்கள் வைத்திருக்கும் ஆப்களிலும் உரிமையாளர் பெயர் வரும். அவை அந்த வரிப் பதிவிலிருந்து எடுத்தவைதான் என்பதை மறக்காதீர்கள், அதற்கு மேல் சட்ட மதிப்பு கிடையாது. போன் வரைபடத்தில் நீலமாக இருப்பது தண்ணீர் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். மாநிலத்தின் வரைபடத்தில் தகராறில்லாமல் மாநிலத்துடையதாக இருக்கும் நீரில் நிம்மதியாகத் தூண்டில் போடுங்கள். இரட்டைக் கோரிக்கை இருந்தால், குடியுரிமை பெறாத ஒருவருக்கு என் அறிவுரை: வேண்டாம். குடியுரிமை உள்ளவர், வழக்கை நடத்தப் பணமும் மனமும் உள்ளவர் என்றால் வேறு விதமாகப் பேசுவேன்.

மனக்குறை இல்லாமல் போய்வர இடம் இருக்கிறது. நீங்கள் போன அதே டெர்ரபோன் பக்கம் பாயிண்ட் ஓ ஷேன் வனவிலங்கு மேலாண்மைப் பகுதி, மிசிசிப்பியின் முகத்துவாரத்தில் பாஸ் அ லூட்ர், மேற்கே அட்சஃபாலயா டெல்டா, எல்லாம் மாநில வனவிலங்கு மீன்வளத் துறையின் பராமரிப்பில் இருப்பவை. மத்திய அரசின் சபைன் சரணாலயத்திலும் மீன் பிடிக்கலாம், ஆனால் படகை உள்ளே விடுவது பருவத்தைப் பொறுத்தது. ஒவ்வொன்றுக்கும் அனுமதிச் சீட்டு, நேரம், மோட்டார் விதிகள் தனித்தனி. போகும் வாரத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கயாக்குக்கு முகத்துவாரம் ஆபத்தான இடம், பையனோடு அங்கே வேண்டாம். பாயிண்ட் ஓ ஷேன் போதும்.

அந்தக் குறிப்பிட்ட குளம்தான் வேண்டும் என்றால் அனுமதி கேளுங்கள். நான் இதை மனதார நம்பிச் சொல்கிறேன், பலர் முயன்று பார்ப்பதே இல்லை. வரிப் பதிவில் இருக்கும் முகவரிக்கு ஒரு பக்கத்துக் கடிதம் எழுதுங்கள். மோட்டார் இல்லாத கயாக், நீங்களும் மகனும் மட்டும், எந்த மாதங்கள், வாத்து வேட்டைப் பருவத்தில் வரமாட்டோம், மதகையும் புல்லையும் தொடமாட்டோம், உரிமையாளர் எப்போது சொன்னாலும் நிறுத்திவிடுவோம் என்று தெளிவாக எழுதுங்கள். பெரிய நிறுவனங்கள் பதில் போடாமல் இருக்கலாம். குடும்பங்கள் பெரும்பாலும் போடுவார்கள். வேட்டைக் குத்தகைக்காரர் ஒருவர் இடையில் இருந்தால் அவருடைய சம்மதமும் தேவைப்படலாம், அதையும் கேட்டுவிடுங்கள். அனுமதி எழுத்தில் வந்தால் அதன் பிரதியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கயாக்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இது இப்படியே இருக்க வேண்டுமா என்றால், கூடாது என்பேன். லூசியானாவிலேயே இதற்கு எதிராகக் குரல் எழுந்திருக்கிறது. 2017-ல் பாஸ்மாஸ்டர் எலீட் என்ற தொழில்முறை மீன்பிடிப் போட்டிகளை நடத்தும் அமைப்பு, எந்த நீரில் போகலாம் என்றே தெரியாததால் லூசியானாவின் ஓதநீரில் இனிப் போட்டி நடத்தமாட்டோம் என்று அறிவித்தது. 2018-ல் ஓடும் நீரில் பொதுமக்கள் நுழைவதைத் தடுக்கக் கூடாது என்று ஒரு மசோதா வந்தது; கீழவையிலேயே தோற்றது. நிலக்காரர்களின் பயம் மீன்பிடிப்பைப் பற்றியதைவிட எண்ணெயைப் பற்றியது என்று முதலில் சொன்னேன் அல்லவா, தீர்வும் அங்கேதான் இருப்பதாக எனக்குப் படுகிறது. தரை கரைந்துபோனாலும் அடியில் உள்ள கனிம உரிமை பழைய உரிமையாளருக்கே இருக்கட்டும், மேலே உள்ள இயற்கை நீரில் படகும் தூண்டிலும் எல்லாருக்கும் பொதுவாகட்டும் என்று சட்டமே இரண்டையும் பிரித்துவிட்டால் சங்கிலிக்கான காரணத்தில் பாதி போய்விடும். வெட்டிய கால்வாய்களையும் மதகு வைத்துப் பராமரிக்கும் சதுப்பையும் விலக்கி வைக்கலாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆண்டுதோறும் நிலம் இன்னும் கரைந்துகொண்டிருக்கிறது, எந்தப் பத்திரமும் பொருந்தாத தண்ணீர் கூடிக்கொண்டே போகிறது. தள்ளிப்போடுவதால் இது தானாகத் தீரப் போவதில்லை.

உங்களுக்கு ஓட்டு இல்லை, ஆனால் வாய் இருக்கிறது. உங்கள் தொகுதியின் மாநிலப் பிரதிநிதிக்கு, எனக்கு எழுதியதையே ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள். லைசென்ஸுக்குப் பணம் கட்டும் குடியிருப்பாளர் என்பதே போதுமான தகுதி. சட்டமன்றக் கூட்டத்தொடர் வசந்த காலத்தில் நீங்கள் இருக்கும் பேட்டன் ரூஜிலேயேதான் நடக்கிறது. நீர்வழி மசோதா ஏதாவது இயற்கை வளக் குழுவுக்கு வந்தால் அன்றைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போங்கள். குழுக் கூட்டத்தில் ஓர் அட்டையை நிரப்பிக் கொடுத்தால் பொதுமக்களும் பேசலாம், குடியுரிமை கேட்கமாட்டார்கள்.